மாதம் ஒருமுறை வந்த ஃபோர்ட்நைட்லி

1865 மே 15 அன்று லண்டனில் ஒரு புதுப் பத்திரிகை வந்தது. பெயர் 'தி ஃபோர்ட்நைட்லி ரெவ்யூ'. தொடங்கியவர்களில் முன்னால் நின்றவர் நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப். அவருடைய 'தி பெல்டன் எஸ்டேட்' முதல் இதழிலேயே தொடர்கதையாக ஆரம்பித்தது. ஆசிரியர் நாற்காலியில் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ். மாதத்தின் முதல் தேதி ஒன்று, 15-ஆம் தேதி ஒன்று என்று இரண்டு இதழ்கள் போடுவது திட்டம்.

ஒன்றரை வருஷத்தில் திட்டம் கவிழ்ந்தது. எழுத்தில் குறை இல்லை. கடைக்காரர்கள்தான் முரண்டு பிடித்தார்கள். மாத இதழ்களையெல்லாம் மாதக் கடைசியில் ஒரே கட்டாக வாங்கி ஊர் ஊராக அனுப்பிப் பழகியவர்கள் அவர்கள். நடு மாதத்தில் இந்த ஒரே பத்திரிகைக்காகத் தனிக்கட்டு கட்ட யாருக்கும் மனமில்லை. 1866 நவம்பரிலிருந்து ஃபோர்ட்நைட்லி மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தது. பெயரை மட்டும் யாரும் தொடவில்லை. 'இரு வாரத்துக்கு ஒருமுறை' என்று அட்டையில் போட்டுக்கொண்டு, மாதம் ஒருமுறை வந்து, 1954 வரை அந்தப் பத்திரிகை வாழ்ந்தது. 1867-லிருந்து பதினைந்து ஆண்டுகள் அதன் ஆசிரியராக இருந்தவர் ஜான் மார்லி. நம் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் 1909-ஆம் ஆண்டு மிண்டோ–மார்லி சீர்திருத்தம் என்று வருகிறதே, அதே மார்லிதான்.

ஆங்கிலத்தில் காலத்தைச் சொல்லும் சொற்கள் ஏன் இப்படி ஆளுக்கொரு பொருள் தருகின்றன என்று குழம்புகிறவர்கள் பொதுவாகத் தங்கள் ஆங்கிலத்தையே சந்தேகப்படுவார்கள். அவசியமில்லை. இந்தச் சொற்களைப் பழக்கத்தில் விட்டவர்கள் இலக்கண ஆசிரியர்கள் அல்ல. தபால்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், சம்பளம் போடும் குமாஸ்தாக்கள், பூசாரிகள். ஒவ்வொருவரும் தன் தொழிலுக்கு வசதியான பொருளைச் சொல்லில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஃபோர்ட்நைட் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் 'பதினான்கு இரவு' என்று இரண்டு சொல்லாக இருந்தது, வாயில் உருண்டு உருண்டு ஒன்றாகிவிட்டது. அதற்கு ஒரு தங்கையும் உண்டு: 'சென்னைட்', அதாவது ஏழு இரவு, ஒரு வாரம். (நம் சென்னைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஷேக்ஸ்பியரிலும் ஜேன் ஆஸ்டினிலும் அது புழங்குகிறது, பிறகு 'வீக்' என்ற சொல் முழுக்க இடம் பிடித்ததில் வழக்கொழிந்து போனது. நாளை விட்டுவிட்டு இரவை எண்ணுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஜெர்மானியக் குடிகள் நாளால் அல்ல, இரவால் எண்ணுகிறார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் முடிவில் ரோமானிய ஆசிரியர் டாசிடஸ் வியந்து எழுதி வைத்திருக்கிறார். கொலு வைத்து ஒன்பது நாள் சுண்டல் கிண்டிவிட்டு அதற்கு நவராத்திரி என்று பெயர் சொல்லும் நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வேடிக்கை, இங்கிலாந்தின் எல்லையைத் தாண்டி வேல்ஸுக்குள் போனால் ஆரம்பிக்கிறது. வெல்ஷ் மொழியில் வாரத்துக்குப் பெயர் 'உய்த்நோஸ்': எட்டு இரவு. இரண்டு வாரத்துக்குப் பெயர் 'பிதெவ்நோஸ்': பதினைந்து இரவு. பக்கத்து வீட்டுக்காரன் பதினான்கு என்று எண்ணுவதை இவர்கள் பதினைந்து என்று எண்ணுகிறார்கள். காலம் என்னவோ ஒன்றேதான். பிரெஞ்சுக்காரர்களும் ஒரு வாரத்தை 'எட்டு நாள்' என்றும், இரு வாரத்தைப் 'பதினைந்து நாள்' என்றும்தான் சொல்கிறார்கள். திங்கட்கிழமை தொடங்கி அடுத்த திங்கள் வரை, இரண்டு திங்களையும் சேர்த்து எண்ணினால் எட்டு. "பதினஞ்சு நாள்ல பணத்தைத் திருப்பித் தந்துடறேன்" என்று நம் ஊரில் கைமாற்று வாங்குகிறவர் மனதில் இருப்பதும் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். பதினான்காம் நாளே வந்து நிற்பாரா என்பது வேறு விஷயம்.

முனைகள் இரண்டையும் சேர்த்து எண்ணும் இந்தப் பழக்கத்தால் ஒரு பேரரசின் நாள்காட்டியே கெட்டுப்போனது.

கி.மு. 45-இல் ஜூலியஸ் சீசர் புதிய நாள்காட்டியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 365 நாள். நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல். அடுத்த ஆண்டே அவரைக் கொன்றுவிட்டார்கள். நாள்காட்டி பூசாரிகளின் கைக்குப் போனது. ரோமானியர்களின் எண்ணிக்கை முறையில் 'நான்காவது ஆண்டு' என்றால் கூடுதல் நாள் வந்த ஆண்டையும் ஒன்று என்று சேர்த்துக்கொள்ளலாம். பூசாரிகள் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். விளைவு, மூன்றாண்டுக்கு ஒருமுறை லீப் நாள் வந்து விழுந்தது. 36 ஆண்டுகளில் 9 நாள் சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் 12 நாள் சேர்ந்துவிட்டது. பிறகு அகஸ்டஸ் சக்கரவர்த்தி சில லீப் ஆண்டுகளை அடுத்தடுத்து ரத்து செய்து கணக்கை நேராக்கினார். ஆணை போட்டவர் உயிரோடு இல்லை, ஆணையில் இருந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள். அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்தக் கதை புதிதல்ல.

ரோமானியர்கள் எட்டு நாளுக்கு ஒருமுறை கூடிய சந்தைக்கு 'ஒன்பதாம் நாள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை நடந்த ஒலிம்பிக் விளையாட்டைக் கிரேக்கர்கள் 'ஐந்தாம் ஆண்டு விழா' என்ற வகையில் சேர்த்தார்கள். மருத்துவத்தில் இந்தக் கணக்கு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. மலேரியா 48 மணி நேரத்துக்கு ஒருமுறை விட்டு விட்டு வந்தால் மருத்துவ நூல்களில் அதற்கு 'டெர்ஷியன்' காய்ச்சல், அதாவது மூன்றாம் நாள் காய்ச்சல் என்று பெயர். திங்கள் அடித்தால் புதன் அடிக்கும்; திங்களை ஒன்று என்று வைத்தால் புதன் மூன்று. 72 மணி நேரத்துக்கு ஒருமுறை வருவது 'குவார்ட்டன்', நான்காம் நாள் காய்ச்சல். முறைக்காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போன தமிழ் வழக்கு இந்த வம்பில் மாட்டவில்லை.

இனி 'பை' என்ற முன்னொட்டுக்கு வருவோம். தலைவலியின் தலைமையகம் அதுதான்.

லத்தீனில் அது ஓரளவு ஒழுங்காக இருந்தது. 'பியென்னியம்' என்றால் இரண்டு ஆண்டுக் காலம். அதிலிருந்து 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்துக்கு 'பையெனியல்' வந்தது: இரண்டாண்டுக்கு ஒருமுறை, அல்லது இரண்டாண்டு நீடிப்பது. தாவரவியல்காரர்கள் அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார்கள். முதல் ஆண்டு கிழங்கு வைத்து, அடுத்த ஆண்டு பூத்து மடியும் கேரட் ஒரு பையெனியல் செடி. ஆனால் 'பை'க்குக் கூடப்பிறந்த 'பிஸ்' என்ற சொல்லும் லத்தீனில் உண்டு. அதற்குப் பொருள் 'இருமுறை'. ரோமானியர்கள் லீப் நாளுக்காக பிப்ரவரி 24-ஐ இரண்டு தடவை எண்ணியதால்தான் லீப் ஆண்டுக்கு 'பைசெக்ஸ்டைல்' என்று ஒரு பெயர் வந்தது. இரண்டு என்பது ஒரு வாசல், இருமுறை என்பது இன்னொரு வாசல். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் இரண்டின் வழியாகவும் ஒரே நேரத்தில் உள்ளே போனது.

அப்படி அவசரப்படுத்தியது பத்திரிகைத் தொழில். 1695-இல் இங்கிலாந்தில் அச்சுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு காலாவதியானதும் செய்தித்தாள்கள் முளைத்தன. லண்டனிலிருந்து வெளியூர்த் தபால் கிளம்பியது செவ்வாய், வியாழன், சனி. ஆகவே பத்திரிகைகளும் வாரத்தில் அந்த மூன்று நாள் வந்தன. 'போஸ்ட் பாய்', 'ஃப்ளையிங் போஸ்ட்' என்று பெயரிலேயே தபாலைச் சுமந்தன. 1709-இல் ரிச்சர்ட் ஸ்டீல் தொடங்கிய 'டாட்லர்' இதழும் அதே மூன்று நாள்தான். ஆக 'டிரைவீக்லி' என்றால் வாரம் மும்முறை என்பது தபால் வண்டி எழுதிய அகராதி. அதே வரிசையில் 'பைவீக்லி' என்றால் வாரம் இருமுறை. இதற்குள் இன்னொரு கூட்டம், பையெனியலைப் பார்த்து, 'பைவீக்லி' என்றால் இரு வாரத்துக்கு ஒருமுறைதானே என்று எடுத்துக்கொண்டது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டிரைவீக்லி பற்றி அமெரிக்காவில் ஒரு பழைய கேலி உண்டு: ஒரு வாரம் வரும், அடுத்த வாரம் வர 'டிரை' பண்ணும்.

சென்னையின் கதையும் இதில் இருக்கிறது. 1878 செப்டம்பர் 20 அன்று திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர், கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 பிரதி அச்சடித்து 'தி ஹிந்து'வைத் தொடங்கியபோது அது வார இதழ். 1883-இல் வாரம் மும்முறை ஆனது, 1889-இல் தினசரி. அந்த ஆறு பேரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' வாரம் ஒருமுறை வந்து, 1897-இல் வாரம் மும்முறை ஆகி, 1899-இல் நாளிதழானது. ஆங்கிலப் பத்திரிகை எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதற்கு ஒரு லத்தீன் முன்னொட்டை நம்பியிருக்க வேண்டியிருந்தது. தமிழ்ப் பத்திரிகைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 'வாரம் மும்முறை' என்று போட்டால் போதும், சண்டை முடிந்தது.

தமிழ்ப் பத்திரிகைகள் இதை ஒரு மரபாகவே வளர்த்துவிட்டன. 1933-இல் வார இதழாகத் தொடங்கிய 'மணிக்கொடி', 1935-இல் பி.எஸ். ராமையா கையில் சிறுகதைக்கான ஏடாக மாறியபோது மாதமிருமுறை வந்தது. 'ஜூனியர் விகடன்', 'நக்கீரன்' அட்டைகளில் வாரமிருமுறை என்ற சொல்லைப் பார்த்து வளர்ந்த வாசகர்களில் ஒருவராவது அது இரு வாரத்துக்கு ஒருமுறையோ என்று குழம்பியிருப்பாரா? 'வாரத்துக்கு இருமுறை', 'இரு வாரத்துக்கு ஒருமுறை' என்று எண்ணை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. ஆங்கிலம் எண்ணைக் கொண்டுபோய் வாரத்தின் தலையில் ஒட்டிவிட்டது. அது வாரத்தைப் பெருக்குகிறதா, வகுக்கிறதா என்று தெரியவில்லை.

1926-இல் இங்கிலாந்தின் சொல்வழக்கு நீதிபதி எச்.டபிள்யூ. ஃபௌலர் தம் அகராதியில் இந்தப் 'பை' கூட்டத்தையே தள்ளி வைக்கச் சொன்னார். லத்தீன் தலையும் ஆங்கில உடலுமாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, இருபொருள் தருவது அதைவிடப் பிடிக்கவில்லை. அரையாண்டு, இருமாதம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்றார். யாரும் கேட்கவில்லை. இன்றைய மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் 'பைவீக்லி'க்கு வாரம் இருமுறை என்றும், இரு வாரத்துக்கு ஒருமுறை என்றும் இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அகராதியைப் பார்த்து சந்தேகம் தீர்த்துக்கொள்ளலாம் என்று போகிறவர் சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொண்டு திரும்புவார்.

அமெரிக்காவில் இந்தச் சொல் சம்பளக் கவரில் வருகிறது. ஃபோர்ட்நைட் என்ற சொல் அந்த நாட்டில் புழக்கத்தில் இல்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அது 2017-இல் வந்த வீடியோ கேம் பெயர், 2024-இல் டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டின் பெயர். அதனால் இரு வாரத்துக்கு ஒருமுறை தரும் சம்பளத்துக்கு அங்கே 'பைவீக்லி', மாதம் இருமுறை தருவதற்கு 'செமிமந்த்லி' என்று பெயர். கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கும். முன்னதில் ஆண்டுக்கு 26 சம்பள நாள், பின்னதில் 24. முன்னதில் இன்னொரு சிக்கல்: 26 இரு வாரம் என்பது 364 நாள்தான். ஆண்டுதோறும் மிச்சமாகும் ஒரு நாளும் லீப் நாளும் சேர்ந்து சேர்ந்து, பதினொரு ஆண்டுக்கு ஒருமுறை வாக்கில் 27-ஆவது சம்பள நாள் ஒன்று வந்து நிற்கும். ஆண்டுச் சம்பளத்தை அந்த வருஷம் 26-ஆல் வகுப்பதா, 27-ஆல் வகுப்பதா என்று கணக்குப் பிரிவில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

'பைமந்த்லி' நம் ஊரில் இன்னொரு வடிவில் வீடு தேடி வருகிறது. தமிழ்நாட்டில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மின்வாரியத்தின் ஆங்கில ஆவணங்களில் அதற்குப் 'பைமந்த்லி' என்று பெயர். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் இந்த இருமாதக் கணக்குக்குத்தான். அதை மாதத்துக்கு நூறு என்று படித்துவிட்டால் பட்ஜெட் இடிக்கும். மாதாமாதம் ரீடிங் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கையின் வேரும் இதுதான்: இரு மாத யூனிட்டைச் சேர்த்து எண்ணும்போது மேல் கட்டணப் படிக்குத் தள்ளப்படுகிறோம் என்பது வீடுகளின் புகார். ரிசர்வ் வங்கி 2014-இலிருந்து வெளியிடும் 'பைமந்த்லி' நிதிக்கொள்கையும் ஆண்டுக்கு ஆறுமுறைதான். இந்தியாவில் அலுவலக ஆங்கிலம் இந்தச் சொல்லின் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து உட்கார வைத்துவிட்டது, அந்த மட்டும் நல்லது.

'செமஸ்டர்' வேறு ரகம். அதைப் பாதி ஆண்டு என்று நினைக்கிறோம், 'செமி' என்றால் பாதி என்பதால். உண்மையில் அது 'செமி' இல்லை. ஆறு என்று பொருள்படும் 'செக்ஸ்', மாதம் என்று பொருள்படும் 'மென்சிஸ்' இரண்டும் சேர்ந்த ஆறு மாதம். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமாக இருப்பதால் பொய்க் கணக்கும் சரியான விடையைத் தருகிறது. கர்ப்பிணியின் 'டிரைமெஸ்டர்' மூன்று மாதம். சில கல்லூரிகளோ கல்வியாண்டை மூன்றாகப் பிரித்து அந்த ஒவ்வொன்றுக்கும் அதே பெயரை வைத்திருக்கின்றன. காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு என்று படித்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்த்தான் இந்தப் பெயர்களைச் சந்திக்கிறார்கள்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம், மருந்துச் சீட்டு வரும் வரை. லத்தீன் சுருக்கத்தில் 'க்யூடி' என்றால் தினம் ஒருமுறை, 'க்யூஓடி' என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். மருத்துவர் கிறுக்கலில் நடு எழுத்தான 'ஓ' நசுங்கி 'ஐ' ஆகிவிட்டால் அது 'க்யூஐடி', தினம் நான்கு வேளை. இரண்டு நாளுக்கு ஒன்று போட வேண்டிய மாத்திரை எட்டு மடங்காகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் முதல் இரண்டு சுருக்கங்களையும் எழுதக்கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் தரும் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் விழுங்கி இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் அதற்காகவே புதிய விதிகளைப் பரிந்துரைத்தது. நோயாளி கையோடு வைத்திருக்க ஓர் அட்டை; மருந்தைப் போட்டுக்கொள்ள வேண்டிய கிழமையை அதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தமிழ் இந்த வியாதியே இல்லாத மொழி என்று மார்தட்டவும் முடியாது. ஒரு மண்டலம் என்பது எத்தனை நாள்? சித்த மருத்துவரிடம் கேட்டால் 48. சபரிமலைக்கு மாலை போட்டவரிடம் கேட்டால் 41. கஷாயம் குடிக்கிறவரும் விரதம் இருக்கிறவரும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டு மண்டலம் இரண்டு தேதியில் முடியும்.

ஃபோர்ட்நைட்டுக்குத் திரும்பினால், இந்தியாவில் அதற்கும் இரண்டு கணக்கு ஓடியது. 1975-இல் 'ஃபோர்ட்நைட்லி'யாகத் தொடங்கிய 'இந்தியா டுடே' மாதம் இருமுறை வந்தது. 1984-இல் தொடங்கிய 'ஃப்ரண்ட்லைன்' பதினான்கு நாளுக்கு ஓர் இதழ். இரண்டும் தங்களை அந்த ஒரே சொல்லால்தான் அழைத்துக்கொண்டன. வங்கிகளில் மட்டும் சொல்லுக்குச் சட்டமே காவல் நின்றது. வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டிய ரொக்க இருப்பைக் கணக்கிட, ஃபோர்ட்நைட் என்றால் ஒரு சனிக்கிழமை தொடங்கி, அதற்கடுத்து வரும் இரண்டாவது வெள்ளிக்கிழமை வரை, இரண்டு நாளும் சேர்த்து, என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். துல்லியமாகப் பதினான்கு நாள். வங்கி ஊழியர்கள் 'ரிப்போர்ட்டிங் ஃப்ரைடே' என்று சொன்னது அந்த வெள்ளிக்கிழமையைத்தான்.

2025-இல் நாடாளுமன்றம் வங்கிச் சட்டங்களைத் திருத்தியபோது இந்த விளக்கத்தையும் மாற்றியது. இனி ஃபோர்ட்நைட் என்பது மாதத்தின் 1-ஆம் தேதி முதல் 15-ஆம் தேதி வரை, பிறகு 16-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை. டிரோலப்பும் லூயிஸும் 1865-இல் போட்டதும் கிட்டத்தட்ட இதே பங்கீடுதான். அந்தக் கணக்குப்படி ஜனவரியின் பின்பாதியில் பதினாறு இரவு இருக்கும், சாதாரண ஆண்டு பிப்ரவரியின் பின்பாதியில் பதின்மூன்று.